வாரேன்

மெனிக்காவை ஏற்றிய தோணி துறையை விட்டு விலகிவிட்டது.

மாடக்கண்ணு துறையின் விளிம்பில் நின்றார். கையில் அங்குசம் இருந்தது. யானைதான் இல்லை.

அவளைத் தோணிக்குள் இறக்கியதும் அவர்தான். கழுத்தில் உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் கால் பெருவிரலை அழுத்தி, பலகை மேல் பையப் பைய நடத்திக் கொண்டுபோய் விட்டார். வேறு யார் என்ன செய்தாலும் அவள் அசையமாட்டாள்.

காரியம் முடிந்ததும் சர்க்கஸ் கம்பெனி ஏஜெண்டு, நீ இறங்கலாம் என்று சொல்லிவிட்டான். கம்பெனியில் வேறு பாகன்கள் இருக்கிறார்களாம்.

கொழும்பில் மரம் இழுத்த காலத்திலிருந்து மாடக்கண்ணுதான் மெனிக்காவுக்குப் பாகன். தூத்துக்குடி மரக்கடை முதலாளி சிவனணைந்தபெருமாள் அவளை வாங்கியபோது, கூடவே கடல் தாண்டி வந்தார். இப்போது யுத்தம் முடிந்த கையோடு மரக்கடைக்கு லாரி வந்துவிட்டது. இனி எதற்கு இந்தத் தீனிப்பண்டாரம் என்று முதலாளி விற்றுவிட்டார்.

தூரத்தில் நங்கூரம் போட்டு நின்ற கப்பல் சாயங்காலம் கிளம்பும். பிறகு இந்த ஜென்மத்தில் அவளைப் பார்க்க முடியாது.

தோணி பாய் விரித்தது.

இந்தக் கரையில் யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. கடலுக்குப் போகிறவனும் சொல்லமாட்டான், கடைக்குப் போகிறவளும் சொல்லமாட்டாள். மாடக்கண்ணு வாயிலும் ஊர் வழக்கம்தான் வந்தது.

"வாரேன் தாயீ... வாரேன்!"

அடிவயிற்றிலிருந்து கத்திவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நடந்தார்.

பின்னால் தொப்பென்று ஒரு பெரும் சத்தம்.

தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. தோணியை ஓட்டுகிற தண்டல் செபாஸ்டின் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஏஜெண்டு குப்புற விழுந்து கிடந்தான். யானையைக் காணோம்.

துறையில் மூட்டை சுமந்தவர்கள் சுமையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களில் முத்துக்குளிக்கிற ஆட்களும் உண்டு. கடலுக்கடியில் மூச்சடக்குகிற அவர்களுக்கே அப்போது மூச்சு வரவில்லை.

மாடக்கண்ணு துண்டைப் போட்டுவிட்டுத் துறை விளிம்புக்குத் திரும்ப ஓடினார்.

தண்ணீருக்கு மேலே கறுப்பாக ஏதோ நீண்டது. யாரோ பாம்பு என்றார்கள். அது புஸ்ஸென்று மூச்சு விட்டது. நீர் தெறித்தது.

தும்பிக்கை!

அவள் மூழ்கவில்லை, நீந்துகிறாள். அத்தனை பெரிய உடம்பும் தண்ணீருக்குள் இருந்தது. மூச்சு வாங்க அந்த ஒரு முழம் மட்டும் வெளியே. யானை காட்டாற்றையும் கடலையும் நீந்திக் கடக்கும் என்பதே, கடலை வைத்துப் பிழைக்கிற அந்த ஊரில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தண்டல் தோணியைத் திருப்புவதற்குள் மெனிக்கா பாதி தூரம் வந்துவிட்டாள். காற்று எதிர்க்காற்று. பாயை வைத்துக்கொண்டு தோணி திண்டாடியது. அவள் திண்டாடவே இல்லை.

உப்பு சுமக்கிற சுடலைமாடத்தி பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, மடியைச் சொருகிக்கொண்டு தண்ணீர் ஓரம் ஓடினாள்.

"வா ஏளா, வா! விட்டுறாத ஏளா!"

பிறகு துறையே கத்தியது.

முதலில் நெற்றி எழுந்தது. பின்னே முதுகு. கால் மணலைத் தொட்டதும் நாலு காலையும் ஊன்றி, மேலெல்லாம் கடல் வழிய, அறுந்த வடத்தை இழுத்துக்கொண்டு அவள் நடந்து வந்தாள். மாடக்கண்ணு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார்.

பிரிந்த சொந்தத்தைக் கண்டால் யானைகள் தும்பிக்கை நுனியை அதன் வாயில் வைக்கும். மெனிக்கா அதை மாடக்கண்ணுவின் வாயில் வைத்தாள். ஒரே உப்பு. அவர் சிரித்தார், அழுதார், நடுவில் துப்பவும் செய்தார்.

தோணி கரை சேர்ந்ததும் ஏஜெண்டு குதித்து வந்தான்.

"இவன்தான் வா வான்னு கூப்பிட்டான்! என் காதால கேட்டேன்!"

சத்தம் கேட்டு முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருந்தார். யானையைப் பார்த்தார். அதைச் சுற்றிக் கும்மாளம் போடுகிற ஊரைப் பார்த்தார். காலையில் சனியன் தொலைந்தால் சரி என்று சொன்ன மனிதர், இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"வாரேன்னுதான்வே சொன்னான். எங்க ஊருல அப்படித்தான் சொல்லுவோம். அதுக்கு வான்னு கேட்டிருக்கு, வந்துட்டு. இம்புட்டு விசுவாசமான சீவன எவனுக்கும் குடுக்கதா இல்ல. நீரு போயி கப்பலப் பிடியும்!"

கூட்டம் போட்ட கூச்சலில் ஏஜெண்டு சொன்ன பதில் யாருக்கும் கேட்கவில்லை. மாடக்கண்ணு அவள் கழுத்தில் ஏறி உட்கார்ந்தார். தேரோட்டத்துக்குக் கூடுகிற மாதிரி ஊரே பின்னால் வந்தது. முதலாளி முன்னால் நடந்தார், என்னவோ அவரே நீந்தி வந்தது போல.

கப்பல் சொன்னபடி சாயங்காலம் கிளம்பியது.

மரக்கடைக் கிணற்றடியில் மாடக்கண்ணு நல்ல தண்ணீர் ஊற்றி மெனிக்காவின் உடம்பு உப்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். தண்டல் செபாஸ்டின் பக்கத்தில் வந்து நின்றார். மெல்லக் கேட்டார்.

"அண்ணாச்சி, எங்கிட்ட மட்டும் நெசத்தச் சொல்லும். வான்னுதான கூப்பிட்டீரு?"

முதலாளி பக்கத்தில் எங்கும் இல்லை என்று மாடக்கண்ணு ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"என்னத்தக் கூப்பிட, தண்டலே? மனசு கேக்காமக் கத்துனேன். கொழும்புல குண்டு விழுந்த அன்னைக்கே இவளுக்கு ரெண்டு காதும் போச்சு. இவ தானா வந்தா."