சிக்காத துப்பாக்கி

நீதியை நேசிப்போரே, இந்தத் துப்பாக்கிக் கடைக்குள் வந்து சாட்சியாக நில்லுங்கள்! விளையாட்டுப் பயிற்சிக்கென்று மாசிலாமணி தன் முதல் ரைபிளைத் தேர்ந்தெடுக்கிறான்; மனைவி பூங்கோதை அருகே நிற்கிறாள்.

“புதுசாப் பழகறவங்களுக்கு இதுதானுங்க. சுடறப்ப நடுவுல குண்டு சிக்கவே சிக்காது,” என்றார் கடைக்காரர்.

“எம்பட சம்சாரமாட்டம் மொரண்டு பண்ணாதுன்னு சொல்லுங்க!” என்றான் மாசிலாமணி. இருவரும் சிரித்தார்கள்.

வீட்டில் அவளை அடிக்கும்போது அவன் மூச்சு வாங்க நிற்கும் இடைவெளியில்தான் அவள் எப்போதும் பக்கத்து வீட்டுக்கு ஓடித் தப்புவாள்.

“ஒரு வெடிக்கும் அடுத்ததுக்கும் எத்தன நேரமாகுங்ணா?” என்று கேட்டாள்.

“நேரமே ஆகாதுங்க அம்மணி. அடுத்த குண்டு தானா ஏறிக்கும்.”

உரிம மனுவில் மனைவியின் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். மாசிலாமணி பேனாவை அவள் விரல்களுக்கிடையே திணித்தான். மை இன்னும் காகிதத்தைத் தொடவில்லை. கைகட்டி நிற்பவர்களே, அந்தக் காகிதத்தைப் பறித்துக் கிழியுங்கள்!