இன்னும் கொஞ்சம் போடுங்க

"அப்பா, போதும்!" பல்லைக் கடித்துக்கொண்டு மேஜைக்கு அடியில் காலை நீட்டி ஓர் உதை விட்டாள் மகள்.

எதிரே உட்கார்ந்திருந்த வக்கீல் துள்ளி விழுந்தார். உதை வாங்கியது அப்பா அல்ல, அவர்தான், அவளுடைய வருங்கால மாமனார்.

அப்பா அசரவில்லை. மூன்றாவது தட்டுக் கோழியையும் முடித்துவிட்டு, "தம்பி, இன்னொண்ணு சொல்லலாமா?" என்றார்.

"தாராளமா மாமா" என்று சர்வரைக் கூப்பிட்டான் மாப்பிள்ளைப் பையன்.

கப்பலில் எஞ்சினியர் அவன். லீவு முடிய இன்னும் ஒரு வாரம்தான். அவனும் மகளும் காதலித்து, "நீங்க பெரியவங்க பேசி முடிங்க" என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வாரத்தையும் இரு குடும்பமும் சேர்ந்து சாப்பிட்டே கழிப்பது என்று ஏற்பாடு. எல்லோருக்கும் சம்மதம். அப்பா மட்டும், "பழகிப் பார்ப்போமே" என்றிருந்தார்.

பழகினாரோ இல்லையோ, வெளுத்துக் கட்டினார்.

அடுத்துப் போன ஹோட்டலில் பஃபே. அவர் போய் வந்த வேகத்தில், ஐஸ்கிரீம் போடுகிறவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவே முடியவில்லை.

"சம்பந்தி லிஃப்ட் மெக்கானிக்குன்னு சொன்னாங்க. கிரேன் மாதிரில்ல தூக்கறார்!" என்று வக்கீல் ஜோக் அடித்தார். ஆனாலும் காலை ஜாக்கிரதையாக உள்ளே இழுத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "ரெண்டு கரண்டிக்கு மேல போட்டா என்கூட சண்டைக்கு வர்ற மனுஷன்! ஓசின்னா மட்டும் வயிறு விரியுமா?"

அப்பா ஜீரண மருந்தைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டிருந்தார்.

ஓசி விஷயமும் இல்லை என்று வியாழக்கிழமை தெரிந்துபோனது. அன்று விருந்து இவர்கள் வீட்டிலேயே. சொந்த வீட்டிலும் சட்டியோடு கவிழ்த்துக்கொண்டார்.

"அத்தை, நீங்க இன்னும் உக்காரவே இல்லையே?" என்று பையன் தன் தட்டை நகர்த்தினான்.

"ஐயோ, நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேம்ப்பா!"

அப்பா அவனைப் பார்த்தார். "ம்" என்றார். கடைசி மீன் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மகள் அழாத குறை. "ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுல மதியச் சாப்பாடு. திங்கக்கிழமை அவர் கப்பலேறணும். என் மானத்தைக் காப்பாத்துங்கப்பா, ப்ளீஸ்."

"சரிடா கண்ணு" என்றார் அப்பா.

ஞாயிறு வந்தது. வக்கீல் வீட்டுச் சமையல் வாசலிலேயே வரவேற்றது. பையனின் அம்மா ஓடி ஓடிப் பரிமாறினாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றார் அப்பா.

போட்டாள்.

"அந்தக் குழம்பு... ஆகா! இன்னும் கொஞ்சம்."

ஊற்றினாள். அப்பாவின் நெற்றியில் வியர்வை. ஒவ்வொரு வாயும் இறங்குவதற்குள் கண் பிதுங்கியது. ஆனாலும் தட்டை நீட்டினார். கடைசியில் கரண்டி சட்டியின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

மகளின் அம்மாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "ஐயோ, உங்களுக்கு?"

"எனக்குப் பசியே இல்லைங்க. சமைச்ச வாசனையிலேயே வயிறு நிறைஞ்சு போச்சு" என்று அந்த அம்மாள் சிரித்தாள்.

வக்கீல் கையைக் கழுவிவிட்டு டி.வி. முன்னால் சாய்ந்தார்.

பையனைக் காணோம். சமையலறையில் முட்டை உடைக்கும் சத்தம். வெங்காயம் வதங்கும் வாசனை. அப்பா எச்சில் கை காய, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். 'இதையும் கேட்கப் போகிறாரா!' என்று மகள் நடுங்கினாள்.

ஆம்லெட்டும் ரொட்டியுமாகப் பையன் வெளியே வந்தான். "அம்மா, உக்காரு."

"சும்மா இருடா, விருந்தாளிங்க முன்னாடி..."

"அவங்கெல்லாம் சாப்பிட்டாச்சு. நீ சாப்பிடு, நான் பார்க்கணும்." பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அப்பா மேஜையை ஓங்கி ஒரு தட்டு தட்டினார். டம்ளர்கள் குதித்தன.

"சம்பந்தி! டி.வி.யை அணைங்க. கல்யாணத்துக்கு நாள் குறிச்சுடலாம்!"

மகள் "அப்பா!" என்று கத்தி, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "மெதுவா, மெதுவா, வயிறு..." என்று அவர் அலறினார். ஆளுக்கு ஆள் சிரித்தார்கள். வக்கீல் எழுந்து வந்து எல்லோருடைய கையையும் பிடித்துக் குலுக்கினார், தன் மனைவியின் கை உட்பட.

திரும்பும்போது டாக்சியில் அப்பா பெல்ட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிச் சாய்ந்துகிடந்தார். முன்சீட்டில் மகள் போனில் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

அம்மா விடவில்லை. "சம்மதிச்சீங்க, சந்தோஷம். ஆனா ஒரு வேளைச் சோத்துக்கு மயங்கியா பொண்ணைக் குடுப்பாங்க? பாவம், சமைச்சுப் போட்ட மகராசிக்கு ஒரு வாய் சோறு மிஞ்சலை. உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"ஹோட்டல்ல எல்லாப் பையனும் தங்கம்தான். பொண்ணு வீட்டு விருந்துலயும் தங்கம்தான். தன் வீட்டுல, சட்டி காலியான பிறகு, 'பசியே இல்லை'ன்னு அம்மா சொல்ற பொய் அவன் காதுல விழுதான்னு நான் பார்க்க வேணாமா? அதுக்கு அந்தச் சட்டியை வேற யாருடி காலி பண்றது?"