பிரிக்காத அட்டை

ஆலங்காயத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் பூபாலன், மூக்கடைப்பு மாத்திரையை எச்சரிக்காமல் யாருக்கும் கொடுத்ததில்லை. மலையிலிருந்து பஸ்ஸில் வந்த மங்கம்மாளிடமும் சொன்னான்.

“சளி யாருக்கும்மா?”

“எனக்குத்தாங்க. அப்டியே எங்கூட்டுக்காரருக்கு பிபி மாத்திரையும் குடுங்க.”

“பாத்தும்மா. பிபி மாத்திரை சாப்புட்றவங்களுக்கு இந்தச் சளி மாத்திரை ஆவாது. மூள நரம்பே வெடிச்சிடும்.”

மங்கம்மாள் பயந்துபோய்த் தலையாட்டினாள்.

அடுத்த வாரம் வீங்கிய கண்களோடு வந்து நின்றாள். புளி உலுக்கப் போன அவள் புருஷன் ரங்கன் மரத்தடியிலேயே சுருண்டு விழுந்துவிட்டானாம். ஒரு பக்கம் கைகால் வரவில்லை, பேச்சும் போய்விட்டது.

பூபாலன் நாற்காலியிலிருந்து எழுந்தான். “நான் சொன்னத மீறிட்டியாம்மா?”

“மீறுவேனாங்க? ஒண்ணுகூட குடுக்கல, பாருங்க.”

பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். பிரிக்காத முழு அட்டை. அப்பாடா, நம் கடை மாத்திரையால் இல்லை என்று பூபாலன் மூச்சு விட்டான். அட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

அது பிபி மாத்திரை.

“அவருக்கும் சளி புடிச்சி, மூக்கடச்சிக்கினு மரமேற முடியல. பிபி மாத்திரை சாப்புட்றவங்களுக்கு சளி மாத்திரை ஆவாதுன்னு நீங்கதான சொன்னீங்க? அதான் இத நிறுத்திட்டு அதக் குடுத்தேன்.”

பூபாலன் அட்டையை மேசைமேல் வைத்தான்.

“இப்ப அவருக்கு மூக்கடைப்பு நல்லா வுட்டுடுச்சிங்க,” என்றாள் மங்கம்மாள். “இனிமே இதக் குடுக்கலாங்களா?”