அலைமேல் வேதாசலம்

கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்தது. ராமேசுவரம் தீவின் கிழக்குக் கரையில், கடலுக்குள் மிதந்த பலகைமேல் வேதாசலம் நடுங்கியபடி ஏறி நின்றார். அலைமேல் சறுக்கும் வெள்ளைக்காரர்களின் படத்தை ஒரு பத்திரிகையில் பார்த்ததிலிருந்தே அவருக்கு இந்த ஆசை. மூன்று நாளாக அவர் விழ விழ, மீனவன் சூசைமுத்து தூக்கி நிறுத்தினான்.

"சூசை, நின்னுட்டேன் பாரு!"

"பாத்தேன் அய்யா. அசல் தொரை மாதிரியே இருக்கீக."

கோதண்டராமர் கோயில், பாம்பன் பாலம் என்று குடை பிடித்துச் சுற்றிக் காட்டியதும் சூசைமுத்துதான். அவன் மனைவி லீமாரோஸ் மாதா கோயில் வராந்தாவில் அடுப்பு மூட்டி, வேளை தவறாமல் நண்டுக் குழம்பு வைத்தாள். இருவரும் கூலி கேட்கவில்லை. வேதாசலமும் அதைப்பற்றிப் பேசவில்லை.

நான்காம் நாள் காலை அவர் ரயிலுக்குக் கிளம்பினார்.

"அடுத்த மழைக்கு என் சம்சாரத்தையும் கூட்டிட்டு வர்றேன், சூசை."

லீமாரோஸ் தயங்கியபடி முன்னால் வந்தாள்.

"அய்யா, புயல்ல போன எங்க வீடுகளப் பாக்காமலே போறீகளே? நீங்க பாத்து எழுதுனாத்தான சர்க்கார் நிவாரணம் குடுக்கும்?"

புயல் சேதத்தைப் பார்வையிட அனுப்பப்பட்ட அதிகாரி வேதாசலம் முகம் சுளித்தார்.

"உங்க தெரு எங்கே இருக்கோ! இந்த மழையில அவ்வளவு தூரம் எப்படிம்மா நடக்கிறது? சளி பிடிச்சுக்கும்."

"நடக்கவே வேணாம் அய்யா," என்றாள் லீமாரோஸ். "மூணு நாளா நீங்க பலகையில ஏறி வெளையாடுனீகளே, அங்கனதான் எங்க தெரு இருந்துச்சு."