உதிர்ந்த பூக்களுக்கான உறை

ஆய்வுக்காகச் செடிகளை உலர்த்திச் சேமித்துவைக்கும் உலர்தாவரக் கூடத்தில் பசை வாடை. போன மாதம் இறந்துபோன கணவர் தரிசுமேட்டில் கடைசியாகப் பறித்த காட்டுப் புதர்ச்செடியைச் செய்தித்தாளிலிருந்து பிரித்து, அட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறாள் அவள். சாய்ந்த வெயிலில் மணிமணியான ஊதாப் பூக்கள் கை படுமுன்னே உதிர்கின்றன. ஒரு பொட்டு இலையைக்கூட இங்கே வீசுவதில்லை. உதிர்வதெல்லாம் அட்டை மூலையிலுள்ள காகித உறைக்குள் போகவேண்டும். காம்பில் ஒரு நரைமுடி சுற்றிக்கொண்டிருக்கிறது. பூவைக் கண்டால் புதருக்குள் தலையை விட்டுவிடுவார் மனுஷன். தொப்பி போடுங்கள் என்றால் காதிலேயே விழாது. "முடி ஒட்டியிருக்குக்கா, எடுத்து வீசிடுங்க," என்கிறாள் பக்கத்து மேசைக்காரி. அவளோ இடுக்கியால் முடியை நோகாமல் பிரித்து, பூக்களோடு உறைக்குள் விடுகிறாள். "செடியோட வந்தது, செடியோடயே இருக்கட்டும்மா." மடித்து முடித்த உறையைக் கட்டைவிரல் இன்னும் அழுத்திக்கொண்டே இருக்கிறது.