தகவலாளர் எண் 17

“இந்தப் பதினேழாம் நம்பர் அம்மாவை நான் நேர்ல பாக்கணும்,” என்றார் வெளித் தேர்வாளர். வாய்மொழித் தேர்வு அறையில் நெறியாளர் அவசரமாகத் தண்ணீர் குடித்தார்.

ஆய்வு மாணவி ஆய்வேட்டின் கடைசியில் இருந்த தகவலாளர் பட்டியலைப் புரட்டினாள். நகரத்துச் செடிகொடிகளையும் அவற்றின் மருத்துவ, அலங்காரப் பயன்களையும் பற்றி ஐந்து வருடம் மாங்கு மாங்கென்று உழைத்து எழுதிய ஆய்வேடு. தேர்வாளரின் கையெழுத்து விழுந்தால் மாதக் கடைசியில் கல்லூரி வேலை நிரந்தரம். விழாவிட்டால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துகொள்வார்கள்.

இந்தத் தேர்வாளர் லேசுப்பட்டவர் அல்ல. பொய்த் தகவல் என்று சொல்லி மூன்று பேரின் ஆய்வேடுகளைத் திருப்பி அனுப்பிய புண்ணியவான். ஆராய்ச்சியில் நேர்மை என்ற தலைப்பில் ஊர் ஊராகப் போய்ப் பேசி, கொடுத்த கேடயங்களை வைக்க வீட்டில் இடமில்லாமல் தவிப்பவர்.

அவள் சேகரித்த இருநூற்றுப் பதினான்கு செடிகளும் சத்தியமாக நிஜம். சாக்கடை ஓரத்து நாயுருவி முதல் பெரிய மனிதர்கள் வீட்டு வாசல் குரோட்டன்ஸ் வரை, காவலாளிகளிடம் திட்டு வாங்கிப் பறித்து, அழுத்தி, காயவைத்து, தாளில் ஒட்டியவை. வினை மனிதர்கள் ரூபத்தில்தான் வந்தது. இதற்கு என்ன பயன் என்று வீடு வீடாகக் கேட்டால், சும்மா அழகுக்கு வைத்திருக்கிறோம் என்றார்கள். விவரம் தெரிந்தவர்கள் செல்லில் தேடிப் பார்க்கச் சொன்னார்கள். பாரம்பரிய அறிவு அந்த அளவுக்குத் தழைத்தோங்கியிருந்தது.

ஆகவே அவள் நூலகத்துக்குப் போனாள். அடித்தட்டில் ஒரு பழைய ஆய்வேடு கிடந்தது. அட்டையோடு முதல் பத்துப் பக்கங்களைக் கரையான் தின்று ஏப்பம் விட்டிருந்தது. அதில் தகவல் சொன்ன நாற்பது பேரில் ஒருத்திதான் எண் 17. வயது அறுபத்திரண்டு, பள்ளிக்கூடம் போகாதவள், நாற்பத்தோரு செடிகளின் பயனை மூச்சுவிடாமல் சொன்னவள். பெயர் கிடையாது. தகவல் சொன்னவரின் பெயரை வெளியிடக் கூடாது என்பது ஆராய்ச்சி தர்மமல்லவா? அந்த தர்மம் அவளுக்கு ரொம்பவே வசதியாக இருந்தது. நாற்பது பேரையும் எண்ணைக்கூட மாற்றாமல் அப்படியே இறக்கிக்கொண்டாள்.

மற்ற முப்பத்தொன்பது பேரைப் பற்றித் தேர்வாளர் மூச்சுவிடவில்லை. பதினேழை மட்டும் மறுநாள் காலை பத்து மணிக்கு வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னார். யாரென்றே தெரியாத ஒருத்தியின் விலாசத்தைக் கேட்டால் எதைச் சொல்வது? வாயில் வந்தது பெரியம்மாவின் விலாசம்.

பெரியம்மா ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இருக்கிற அதிகாரியை இல்லை என்றும், தூங்குகிற அதிகாரியை மீட்டிங்கில் இருக்கிறார் என்றும் காலமெல்லாம் சொல்லிப் பழகிய நாக்கு. செடி வைத்தால் பூச்சி வரும் என்று பால்கனியில் ஒரு புல்லைக்கூட அண்டவிடாதவர். விஷயத்தைக் கேட்டதும், இது என்ன பெரிய கம்பசூத்திரமா என்று பட்டியலை வாங்கிக்கொண்டு மனப்பாடம் செய்ய உட்கார்ந்தார். அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய பதினோரு தொட்டிகள் மாடியேறி வந்தன.

தேர்வாளரும் நெறியாளரும் டாண் என்று பத்து மணிக்கு வந்துவிட்டார்கள். பெரியம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் தேர்வாளர். பிறகு, சொல்லுங்கள் என்று கைகாட்டினார்.

பெரியம்மா வெளுத்து வாங்கினார். தும்பை தலைபாரத்துக்கு என்றார், நாயுருவி வேர் பல்வலிக்கு என்றார். குரோட்டன்ஸ் இலையைத் தலையணைக்கு அடியில் வைத்தால் குறட்டை நிற்கும் என்றபோது நெறியாளர் அவசரமாகக் குறிப்பேட்டை எடுத்தார். அவருக்குச் சொந்தத் தேவை இருந்திருக்கும்.

அரளித் தொட்டிக்கு வந்ததும் பெரியம்மாவின் வண்டி நின்றுவிட்டது. “இதை வாசல்ல வெச்சா…” என்று இழுத்து, மாணவியைப் பார்த்தார். மாணவி தரையைப் பார்த்தாள்.

“வந்த விருந்தாளி சீக்கிரம் கிளம்பிடுவாங்க. அதானேம்மா?” என்று எடுத்துக்கொடுத்தார் தேர்வாளர்.

“அதேதான் ஐயா. வயசாச்சு பாருங்க, மறந்துபோச்சு,” என்று பெரியம்மா சமாளித்தார்.

மாணவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆய்வேட்டை வரி விடாமல் படிக்கிற தேர்வாளர் எந்த அரிய செடியையும் விட அரிது. அந்த வரி எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அவளுக்கே நினைவில்லை.

அரை மணி நேரத்தில் கையெழுத்தும் விழுந்தது. தகவலாளர்களை நேரில் கண்டறிந்த விதம் பாராட்டத்தக்கது என்று கூடுதலாக ஒரு வரி வேறு. நெறியாளர் காரை எடுக்கக் கீழே ஓடினார். தேர்வாளர் மட்டும் படியருகில் நின்று பெரியம்மாவை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பார்வையைக் கண்டதும் மாணவிக்கு இப்பேர்ப்பட்ட மனிதரை ஏமாற்றிவிட்டோமே என்று அவமானமாக இருந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தாள்.

“சார், என்னை மன்னிச்சிடுங்க. ஒரு பழைய தீசிஸைப் பாத்துக் காப்பியடிச்சேன். இவங்க என் பெரியம்மா. அந்தப் பதினேழாம் நம்பர் யாருன்னே எனக்குத் தெரியாது.”

அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

“அப்படி ஒருத்தி கிடையவே கிடையாதும்மா,” என்றார். “முப்பது வருஷத்துக்கு முன்னாடி அவளைக் கற்பனை பண்ணி எழுதினதே நான்தான்.”