தண்ணீர்த் தொட்டிக்கு 640 மீட்டர்

ரோனாவின் வேட்டைச் சாமான் கடையில் தூரம் காட்டும் பைனாகுலர் வாங்குகிறவர்கள், பின்வாசல் படியில் உட்கார்ந்து குன்றின் மேலுள்ள தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துப் பொத்தானை அழுத்துவார்கள். 640 என்று வந்தால் கருவி சரி. தென்தீவில் அந்த ஊருக்கு அதுதான் தராசு.

நெவிலுக்கு 290 வந்தது.

"தொப்பையை அளந்துட்டீங்களா அண்ணே?" என்று வாங்கிப் பார்த்தாள் ரோனா. அவளுக்கு 640.

நெவில் மறுபடி பார்த்தான். 240. எதிரே புல்லும் வேலியும்தான். ரோனா விலை கூடிய வேறொன்றைக் கொடுத்தாள். அதில் 180.

போன ஏப்ரலில், ஆண்மான்கள் துணை தேடிக் கத்தும் பருவத்தில், அவன் மச்சான் கென் புதருக்குள்ளிருந்து மான் மாதிரியே கத்தினான். ஊர்ப் போட்டியில் மூன்று முறை பரிசு வாங்கிய குரல். மான்களே ஏமாறும்; நெவில் எம்மாத்திரம்? சத்தம் வந்த பக்கம் சுட்டுவிட்டான்; கென் அங்கேயே செத்துப்போனான். இனிக் கண்ணால் பார்க்காமல் சுடுவதில்லை என்றுதான் இன்று பைனாகுலர் வாங்க வந்திருந்தான்.

110. 60.

"கை நடுங்குதாண்ணே?"

"இல்லம்மா. மெதுவாத்தான் வருவான். முட்டிவலி."

"யாரு?"

12. 7. அப்புறம் வெறும் கோடுகள்.

"அஞ்சு மீட்டருக்குள்ள இருந்தா இது காட்டாதுண்ணே," என்றாள் ரோனா.

நெவில் பைனாகுலரை மடியில் வைத்தான். படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.